பேச்சு நிற்கிற மேடுகள்

எழுபதுகளில் ஒரு காலை, காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும். அவருடைய சைக்கிள் பஸ்ஸின் கூரைமேல் கிடந்தது.

"ஓடைப்பாலத்துலேர்ந்து மேடு முடியிற வரைக்கும் மட்ட டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாத்துட்டேன். ஏத்தம் ரெண்டாள் ஒசரங்கூட வராது. இதுக்குப் போயி சைக்கிள பஸ்ஸு மேல ஏத்தச் சொல்றியே," என்றார்.

எங்கள் பக்கம் தட்டையான பூமி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"ஒங்க டியூப்பு சொல்றது எனக்கு வேணாம். என்கிட்ட வேற கணக்கு இருக்கு," என்றாள் மனைவி.

"அது என்ன கணக்கு?"

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒங்க கேரியர்லதான ஒக்காந்து வாரேன். வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவீக. ஏத்தம் வந்தா மட்டும் பேச்சு நின்னுரும். முந்தியெல்லாம் ரெண்டு எடத்துல நிக்கும். இப்ப ஏழு எடத்துல நிக்கிது."

அவர் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தார்.

"புதுசா தாரு போட்டு ரோட்ட ஒசத்திட்டாய்ங்க போல."

"ரோடு அப்படியேதான் இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, தேவகோட்டையில் தான் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் மாடிப்படியைப் பற்றி உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஓடைப்பாலம் தாண்டியதும் பஸ் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. பாதி வாக்கியத்தில் அவர் வாய் மூடிக்கொண்டது. கைகள் முன்னாலிருந்த கம்பியை இறுகப் பிடித்திருந்தன.

அவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள்.

"பஸ்ஸுதான் ஏறுது. நீங்க பேசுங்க."