வெறுங்காலோடு ஓடியவன்

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். பேர்ன் நகரிலிருந்து பூம்ப்ளிஸ் புறநகருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் நம்மவர்கள் இருவர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்தது.

"கனவில நான் இப்பவும் வெறுங்காலோடதான் ஓடுறன் அண்ணை. பனிக்குள்ளயும் கால் குளிரிறேல்லை," என்றான் இளையவன்.

அதற்குப் பிறகு என்னால் பேப்பர் வாசிக்க முடியவில்லை.

"கொலிஜ் ஃபுட்போல் டீமில வெறுங்காலோட வலப்பக்கம் ஓடினது நீர்தானே?" என்று கேட்டார் மூத்தவர்.

"ஓம். பந்து என்ர காலுக்கு வந்தால் ஒருத்தராலயும் பிடிக்கேலாது. இப்ப ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவுறன். நாள் முழுக்க ஒரே இடத்தில நிக்கிறதுதான்."

"முழங்கால் எப்பிடி?"

"குளிருக்கு நோகும்."

மூத்தவர் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தம்பி, உம்மட முழங்கால் போன அண்டைக்கு மற்ற டீமில பூட்ஸோட நிண்டது நான். பந்துக்கில்லை, உம்மட காலுக்குத்தான் அடிச்சனான்."

இளையவன் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தான்.

"தெரியும் அண்ணை. பஸ்ஸில ஏறினவுடன உங்கட முகத்தைக் கண்டிட்டுத்தான் பக்கத்தில வந்து இருந்தனான்."

"ஏன் தம்பி?"

"இந்த நாட்டில நான் ஓடினதைக் கண்ட ஆள் நீங்கள் ஒராள்தான்."