பொதுச் சுவர்

நில்லுங்க, நில்லுங்க. அந்த வீட்டுக் கதவைத் தட்டாதீங்க தம்பி, முதல்ல இங்க வாங்க. ரோடு ஆபீஸ்லருந்துதானே வர்றீங்க? கையில சுருட்டி வெச்சிருக்கிற படத்தைப் பார்த்தாலே தெரியுதே. உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்லை. தெருவையே இடிக்கப் போறீங்க, என் தரையில கொஞ்சம் மண்ணு ஒட்டினா என்ன வந்துடப் போகுது.

அந்தத் துணியெல்லாம் தள்ளிட்டு உக்காருங்க. பார்த்து, ஊசி கிடக்கும். தைக்கக் கொடுத்தது. நேத்து உங்க ஆபீஸ்ல வந்து ஒரு அம்மா சத்தம் போட்டாங்களே, குள்ளமா, தலை பூரா வெள்ளை, கையில குடை... ஆங், அவங்கதான். குடையால மேஜையில அடிச்சாங்களா? அடிச்சிருப்பாங்க. சும்மா வந்திருந்தாத்தான் நான் ஆச்சரியப்படணும். அவங்கதான் பக்கத்து வீடு. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், எனக்கு ஓரகத்தி. அக்கான்னுதான் கூப்பிடுவேன். அக்கா மாதிரி ஒரு நாளாவது நடந்துக்கிட்டாளான்னு கேக்காதீங்க.

வெளிச் சுவத்தைப் பார்க்கணுமா? பார்க்கலாம், பார்க்கலாம். அதான் வெளியில வெயில்ல நிக்குதே, எங்கயும் ஓடிடாது. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி என் வயித்தெரிச்சலைக் கேட்டுட்டுப் போங்க. உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் கேக்கலை. அந்த ரூமுக்குப் போங்கம்மா, இந்த ரூமுக்குப் போங்கம்மான்னு பந்து மாதிரி உருட்டி விட்டாங்க.

ஏன் தம்பி, இந்த ரோடு முதல்ல எந்தப் பக்கமாப் போறதா இருந்துச்சு? சாக்கடையை ஒட்டித்தானே? அப்படித்தானே கூட்டம் போட்டு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க? நாங்களும் பல்லைக் காட்டிக்கிட்டுக் கை தட்டிட்டு வந்தோம். அப்புறம் பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் உங்க ரோடு மரியாதையா ஒதுங்கி, இந்தப் பக்கம் வளைஞ்சிருச்சு. என்னது, மண்ணு சரியில்லையா? பங்க்குக்குக் கீழ இருக்கிற மண்ணு மட்டும் சரியில்லை, எங்க வீட்டுக்குக் கீழ இருக்கிறது தங்கமா? யாருக்குக் காது குத்துறீங்க? சரி விடுங்க, உங்களைச் சொல்லி என்ன பண்ண, நீங்க படத்தைத் தூக்கிட்டு வர்றவரு. வளைச்சவன் குளுகுளுன்னு உக்காந்திருப்பான்.

வளைஞ்சதுதான் வளைஞ்சது, ஒரேயடியா ரெண்டு வீட்டையும் வாரிக்கிட்டுப் போகக் கூடாதா? அந்தக் கடைசியிலருந்து வரிசையா வீடு வீடா எடுத்துக்கிட்டு வந்து, அக்கா வீட்டையும் எடுத்துட்டு, என் வீட்டுச் சுவத்துல வந்து நிக்குது. இதோ இந்தச் சுவருதான். தொட்டுப் பாருங்க. இது எனக்கு மட்டும் சொந்தமில்லை, அவளுக்கும் சொந்தம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து வீடு கட்டினப்போ, செலவை மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரா எழுப்பிட்டாங்க. ரெண்டு பேரும் புண்ணியவான்கள், போய்ச் சேர்ந்துட்டாங்க. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நாங்க ரெண்டு பேரும்.

உங்க ஆளு ஒருத்தர் வந்து என்ன சொன்னாரு தெரியுமா? உங்க வீடு தப்பிச்சுது, சந்தோஷப்படுங்கம்மா, பக்கத்து வீட்டை எடுத்ததும் இந்தச் சுவத்துக்கு அழகாப் பூசிக் கொடுத்துடுவோம்னாரு. அழகா! கையில கத்தரிக்கோல் இருந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

சந்தோஷமாம். இவ்வளவு வருஷமா நாங்க இந்தச் சுவத்தை வெச்சு எவ்வளவு சண்டை போட்டிருக்கோம்னு அவருக்குத் தெரியுமா? நான் ஒரு ஆணி அடிச்சா அவ வீட்டுல காரை உதிரும். உடனே வருவா, உதிர்ந்ததைக் கையில அள்ளிக்கிட்டு வந்து என் வாசல்ல கொட்டிட்டுப் போவா. என் மெஷின் ஓடுற சத்தத்துல தலைவலின்னு தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிவா. தண்ணி மோட்டார் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணு, ஸ்விட்சு என் பக்கம். அதுல மட்டும் எத்தனை சண்டை! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பா. நானும் லேசுப்பட்டவ இல்லை, ஒண்ணுக்கு நாலா திருப்பிக் கொடுப்பேன்.

அட, சிரிக்காதீங்க. 

என் வீட்டுக்காரர் போனப்போ நான் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே இல்லை தம்பி. வந்தவங்க எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க, கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. இவ ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலை. காரியம் முடிஞ்ச மறுநாள் காலையில, சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கரண்டியால டொக்கு டொக்குன்னு அடிக்கிறா. ஏய், மோட்டார் போடுடி, தண்ணி இல்லைங்கறா. நான் போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டேன். அவ நிறுத்தவே இல்லை. காதுக்குள்ளயே அடிக்கிற மாதிரி இருக்கு. கடைசியில எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம், எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டுட்டு, உனக்கெல்லாம் நல்ல சாவு வருமாடின்னு கத்தினேன். கத்தினதும் நிறுத்திட்டா. மறுநாளும் அடிச்சா. அதுக்கடுத்த நாளும். நான் பழையபடி மெஷின்ல உக்கார்ற வரைக்கும் அடிச்சா. இதை நான் அவகிட்டச் சொன்னதில்லை, அவளும் என்கிட்டச் சொன்னதில்லை. சொன்னா ரெண்டு பேருக்கும் அசிங்கம்.

இப்ப அந்தப் பக்கத்துல லாரி ஓடணும், பூசின சுவத்தைப் பார்த்து நான் சந்தோஷப்படணும். நல்லா இருக்கே உங்க கணக்கு!

அவளுக்குப் பிள்ளையா? இருக்கான், தூர தேசத்துல. பணத்தை வாங்கிக்கிட்டு எங்கயாவது நல்ல இல்லமாப் பார்த்து இருந்துக்கோங்கம்மான்னு போன்ல சொல்றான். போனை வெச்சுட்டு இவ பாத்திரத்தைப் போட்டு உருட்டின சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு. 

அளந்துட்டு நீங்க இடிக்கிற வீட்டுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டுட்டுப் போனீங்க பாருங்க, அன்னைக்கே என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. சண்டைகூட இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை. நான் ஏதோ ஆளைப் பிடிச்சு என் வீட்டை மட்டும் காப்பாத்திக்கிட்டேன்னு அவளுக்கு நினைப்பு. தெருக்கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லிட்டா, இவ வீடு நிக்கிற வரைக்கும் நானும் என் வீட்டை விட்டு நகர மாட்டேன், இடிக்கிறவன் என் மேலயே இடிக்கட்டும்னு. வாய்ப் பேச்சுன்னு நினைக்காதீங்க. சொன்னா செய்வா, அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

அந்த வாரமே பின் தெரு வாத்தியாரை உங்க ஆளுங்க வெளியேத்தினாங்களே, நீங்க இருந்தீங்களா? இல்லையா? நான் இருந்தேன். பாவி மனுஷன், நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாற்காலியோட சேர்த்துத் தூக்கினாங்க. படியில கால் தடுக்கிக் கீழ போட்டுட்டாங்க. இடுப்பு எலும்பு போச்சு. இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்காரு. போய்ப் பார்த்தேன், என்னை அடையாளம் தெரியலை அவருக்கு. அங்க நின்னப்போ எனக்கு வேற யாரும் கண்ணுல தெரியலை, இவதான் தெரிஞ்சா. குச்சி மாதிரி இருக்கா, தூக்கிப் போட்டா மிஞ்சுமா?

உங்க ஆபீஸுக்கு நடையா நடந்தேன். ஐயா, என் வீட்டையும் எடுத்துக்கோங்கய்யான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டை விடுங்கன்னு கெஞ்சுறவங்களைப் பார்த்திருக்கோம், எடுங்கன்னு கெஞ்சுற ஆளை இப்பத்தான் பார்க்கிறோம்னாங்க. தேவையில்லாம ஒரு அடி கூட எடுக்க முடியாதாம், சட்டமாம். ஆஹா, சட்டம்! பங்க்குக்கிட்ட வந்தப்போ அந்தச் சட்டம் தூங்கிட்டு இருந்துச்சா?

இருங்க, எழுந்திரிக்காதீங்க. அந்தக் கோட்டுக்குத்தான் வர்றேன். ஆமா, என் வீட்டு வெளிச் சுவத்துல சிவப்புக் கோடு இருக்கு. ஆமா, உங்க படத்துல என் வீடு கிடையாது. எந்த ஆளு வந்து தப்பாப் போட்டாருன்னு கேக்கத்தானே வந்தீங்க? யாரையும் வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க. கிட்ட வாங்க, அவ காதுல விழாமச் சொல்றேன்.

நான்தான் அடிச்சேன்.

வாயைப் பிளக்காதீங்க. ஹார்டுவேர் கடையில ஒரு சின்ன டப்பா வாங்கினேன், இந்த அக்கா கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்துல அடிச்சேன். தையல்காரி கை, துணியில கோடு நேரா வரும், சுவத்துல வரலை. சாயங்காலம் அவ வந்தா, கேட்டைத் திறக்கப் போனவ அப்படியே நின்னா. கிட்ட வந்து அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தா. எனக்கு உயிரே இல்லை, பெயிண்ட் ஈரம் காஞ்சுச்சோ என்னமோன்னு. உனக்கும் போட்டுட்டானுங்களாடின்னா. ஆமாக்கான்னேன். அவ்வளவுதான், உக்காந்து அழுவான்னு பார்த்தா, உங்க பரம்பரையையே இழுத்து வெச்சுத் திட்டினா பாருங்க! தனியா நிக்கிற பொம்பளை வீட்டை எடுக்க எவனுக்குடா தைரியம் வந்துச்சுன்னு. அவ மட்டும் என்ன, கூட்டத்தோடயா நிக்கிறா? மறுநாள் காலையில குடையைத் தூக்கிட்டு உங்க ஆபீஸுக்கு வந்துட்டா. நேத்து உங்க மேஜையில அடிச்சது அவ வீட்டுக்காக இல்லை தம்பி. என் வீட்டுக்காக.

திரும்பி வந்து என்ன சொன்னா தெரியுமா? சரி விடு, ரெண்டு பேரும் எங்கயாவது போய்ச் சேருவோம்னா. நான் ஏற்கெனவே ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன், ரெண்டு ரூமு, நடுவுல ஒரு சுவரு. ரோடு ஆபீஸ் ஏற்பாடு பண்ணிக் கொடுத்ததுன்னு சொல்லியிருக்கேன். உங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லியிருக்கேன், சந்தோஷப்படுங்க. இதோ கேக்குதா, பாத்திரச் சத்தம்? மூட்டை கட்டுறா. இடிக்கிற மெஷின் வர்றதுக்குள்ள அவ காலால நடந்து வெளியில வந்துடுவா. யாரும் தூக்க வேண்டாம்.

என் வீடா? பூட்டிப் போடுவேன், வாடகைக்கு விடுவேன், அது என் பாடு. ஒரு நாள் அவளுக்குத் தெரியத்தான் போகுது. தெரியட்டும். என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. திட்டட்டும், பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டுத் திட்டட்டும்.

இப்ப நீங்க அங்க போய், அம்மா, அது தப்பான கோடுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, மூட்டையை அவுத்துட்டு உக்காந்துக்குவா. அப்புறம் நாற்காலியோட தூக்குறதுக்கு நீங்கதான் வரணும். முடியுமா உங்களால? என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

சத்தம் நின்னுடுச்சு பாருங்க, காதை வெச்சுட்டா. நீங்க வாயைத் திறக்காதீங்க. பேசாம உக்காருங்க.

யக்கா! ஏ யக்கா! ரோடு ஆபீஸ்லருந்து சார் வந்திருக்காரு. கேட்டுட்டேன். மாத்தவே முடியாதாம், ரெண்டு வீடும்தானாம். நீ கட்டு!