நிமிர்ந்து உட்கார்ந்தவள்

பாக்கு போடுங்கள், ஆபீசர். இளங்கொட்டை, பல்லுக்கு நோகாது. சுண்ணாம்பு நானே பவளத்தைச் சுட்டு இடித்தது. என் தங்கை போசுலாவின் வாயைப் புற்றாகித் தின்றது இதுதான் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். என் வாய்க்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

ஹில்டா உங்களிடம் சொன்னது எதையும் நான் மறுக்கப்போவதில்லை. அவள் என் தங்கை மகள். எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியாததை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் போசுலாவின் நாக்கை முக்கால்வாசி எடுத்துவிட்டார்கள். கீழ்த்தாடையில் ஒரு துண்டும் போயிற்று. அதன்பிறகு அவளுக்குப் பேச்சில்லை. வலிக்குப் பழுப்புப் பாட்டிலில் மார்ஃபின் சிரப் கொடுத்தார்கள். யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் ஒரே பதில்தான்: அண்ணன். நான் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்துத் தீவிலிருந்து நர்ஸ் மரேவா வந்து கற்றுக்கொடுத்தாள். பெருநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவள், நல்ல பெண்.

"ஊசியில்லாத இந்த சிரிஞ்சுல இந்தக் கோடு வரைக்கும்தான் ஐயா. கன்னத்தோரமா மெதுவா விடுங்க. ஒரு வேள விட்டுப்போனா அடுத்த வேளையில சேத்துக் குடுத்துடாதீங்க. மூச்சு நின்னுடும்."

சரி என்றேன்.

"இன்னொண்ணு. இது வயித்தக் கட்டிடும். இந்தப் பேதி மருந்தையும் கூடவே குடுக்கணும். வெளிக்குப் போனாங்களான்னு தெனமும் கேளுங்க."

எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னாள். நீங்கள் மலைநாட்டுக்காரர், உங்களுக்கு இது சாதாரணமாக இருக்கும். எங்கள் தீவில் தங்கையின் உடம்பைப் பற்றி அண்ணன் கேட்கமாட்டான். அவள் இருக்கும்போது வேறு யாராவது அதைப் பேசினால் எழுந்து போய்விடுவான். போசுலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து போனேன்.

ஹில்டா பின்னாலேயே வந்தாள். "பாட்டில எங்கிட்ட குடுங்க மாமா. நானே ஊத்தறேன், நானே கேட்டுக்கறேன். இதுல என்ன வந்துச்சு?"

பாட்டில் என் பெயரில் வந்தது. அதை அவளிடம் கொடுத்தால், தங்கையைப் பார்த்துக்கொள்ள அண்ணனுக்குத் துப்பில்லை என்று அவள் அப்பா வீட்டார் பேசுவார்கள். இரண்டு பாட்டில்களையும் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வலி மருந்தை வேளை தவறாமல் ஊற்றினேன். பேதி மருந்தைத் தொடவில்லை. அதைக் கொடுப்பதும் கேட்பதும் ஒன்றுதான்.

மருந்து போசுலாவைக் கீழே இறக்கியது. பகலெல்லாம் தூங்கினாள். எச்சில் வழிந்தது. விழித்திருந்தால் கைகளைச் சொறிந்துகொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் விருந்தாளிகள் முன்னால் பாவாடை விலகிக் கிடக்க, தனக்குத்தானே சிரித்தாள். வயிறு கல்லாகி, அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பாள். நான் கடலைப் பார்ப்பேன்.

எங்கள் அம்மா இறந்ததற்கான பங்கீடு நெருங்கியது. எங்கள் குலத்தின் மூத்த பெண் நடுவில் உட்கார்ந்து, எங்கள் பெண்களின் செல்வமான வாழையிலைக் கட்டுகளையும் நார்ப்பாவாடைகளையும் வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் பிரித்துக் கொடுக்க வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை. போசுலாவின் நாத்தனார் கிணற்றடியில் என் காதில் விழும்படி சொன்னாள்: "மூத்த பொண்ணுன்னு பேருதான். தலைய நிமித்தி ஒக்கார முடியல. நம்ம பங்க யாரு குடுப்பா, அவ வாயில மொய்க்குற ஈயா?"

வயிற்றைக் கட்டுவது சிரப்தான் என்று மரேவாவே சொல்லியிருந்தாள். சிரப்பை நிறுத்தினால் வயிறு இளகும், கண் தெளியும், யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. இதில் என்ன கோணல் இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஊற்றாமல் விட்டால் ஹில்டா கேட்பாள். அதனால் கரும்புச்சாற்றைக் காய்ச்சி நீர்க்க வைத்துக்கொண்டேன். நிறம் அதேதான். மருந்து கசக்கும், இது இனிக்கும்; நாக்கில்லாதவளுக்கு ருசி தெரியாது. ஒவ்வொரு வேளையும் உண்மையான மருந்தை அளந்து ஒரு சாஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். கீழே கொட்டவில்லை, விற்கவில்லை.

அவளுக்கு வேர்த்தது. நடுங்கினாள். "மாமா, மருந்து வேலயே செய்யல. அம்மா பாயப் பிறாண்டுறாங்க," என்றாள் ஹில்டா.

"ஒடம்பு பழகிக்குது. பொறுத்துக்கணும்," என்றேன்.

போசுலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அலைச்சத்தம் பெரும்பாலும் அதை மூடிவிடும்.

பங்கீட்டன்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கட்டுகூட ஆள் மாறிப் போகவில்லை. அந்த நாத்தனாரே, "அடியம்மா, வீட்டுத்தூணாட்டம் ஒக்காந்திருக்கா பாரு," என்றாள். போசுலா தன் தொடையில் நகங்களைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று ஹில்டா பிறகு சொன்னாள். அது பாவாடைக்குள். நான் பார்க்கக்கூடிய இடமில்லை.

கூட்டம் கலையும்போது போசுலாவுக்கு மருந்து ஊற்றினேன். கீழே வைத்த சிரிஞ்சை எடுத்து, அதில் மிஞ்சிய துளியை ஹில்டா தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

"இனிக்குது மாமா. மருந்துன்னா கசக்கணும்."

சிரிஞ்சை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"நாளைக்குப் போய் மரேவா சிஸ்டரக் கூட்டியாறேன். அவங்களும் ருசி பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

படகு பேசக் கடற்கரைக்குப் போனாள். நாத்தனார் வீடு கடற்கரையில்தான் இருக்கிறது; விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அப்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. சாஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு போசுலாவிடம் போனேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு தானாகவே வாயைத் திறந்தாள். கோடு வரை எடுத்து ஊற்றினேன். மறுபடி கோடு வரை. சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்று மரேவா சொன்னது எனக்கு நினைவிருந்தது; ஒவ்வொரு முறையும் நினைவிருந்தது. பாட்டில் காலியாகும்வரை ஊற்றினேன். பிறகு வாசலில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கு விடைகொடுத்தேன். போசுலா எங்கே என்று கேட்டவர்களிடம், "அசந்து தூங்குறா," என்றேன். அவள் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை. அறுவடைதோறும் என் வள்ளிக்கிழங்கில் பெரியதெல்லாம் தங்கை வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஒரு வருஷம்கூடக் குறைந்ததில்லை. அந்த மருந்தும் அவளுடையதுதான். தங்கைக்குச் சேரவேண்டியதை அண்ணன் பிடித்து வைத்துக்கொண்டான் என்று மட்டும் நீங்கள் எழுத முடியாது. கடைசித் துளிவரை கொடுத்துவிட்டேன்.