லயனல் பிடித்த கேட்டு

— "பிலிப்பா, நீ புருஷனோட சைக்கிள் ஓட்டுறியா, இல்ல கேட்கீப்பரோட ஊர்வலம் போறியா?" அப்படின்னு டாம்சின் கேட்டா. போன ஈஸ்டருக்கு, அத்தனை பேருக்கு முன்னால. நான் என்ன பதில் சொல்லியிருக்கணும், லயனல்?

— ரெண்டும்தான்னு சொல்லியிருக்கலாமே. கேட்டைத் திறந்து பிடிச்சிருக்கேன்ல, கொஞ்சம் தள்ளி நில்லு பிலிப்பா, நடந்து வர்றவங்களுக்கு இடிக்கும். வாங்க, வாங்க, மெதுவா வாங்க. அட, பரவாயில்லீங்க, இதுல என்ன இருக்கு!

— யாரு அவங்க?

— தெரியல. மூடுபனிக்குள்ளேருந்து வந்தாங்க, மூடுபனிக்குள்ள போயிட்டாங்க. பாவம், நடக்கிறவங்க.

— அவங்க பாவமா? ரெண்டு சக்கரம் வெச்சுக்கிட்டு அவங்களுக்குப் பின்னால போறோமே, நாம என்ன?

— நாம மரியாதை தெரிஞ்சவங்க.

— காலையிலேருந்து பாக்குறேன். ஒரு ஆத்தங்கரைக்கு இறங்கினோம், ஒரு குன்று ஏறினோம், மறுபடியும் ஆறு, மறுபடியும் குன்று. அதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா கேட்டு வாசனை அடிச்சா போதும், பந்தயக் குதிரை மாதிரி என்னைத் தாண்டிப் பாயுற. இறங்குற. தாழ்ப்பாளைத் தூக்குற. கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிறவன் மாதிரி வர்றவங்க போறவங்களை எல்லாம் வரவேற்குற.

— முதல்ல வர்றவன் திறந்து பிடிக்கணும், கடைசியா வர்றவன் சாத்தணும். ஆடு மாடு மேயுற இடம். இது நான் போட்ட சட்டமா?

— உனக்கு மட்டும் அந்தக் கடைசி ஆளு வர்றதே இல்லையே! போன கேட்டுல, "பொறு பிலிப்பா, தூரத்துல யாரோ வர்றாங்க"ன்னு நிக்க வெச்ச. வந்தது யாரு? ஆட்டுக்கடா.

— பனியில ஆடும் ஆளும் ஒண்ணாத்தான் தெரியும்.

— அதுக்கும் "பரவாயில்லீங்க"ன்னு சொன்ன.

— பழக்கதோஷம்.

— கேளு லயனல். போன வாரமே சொல்லிட்டேன், மறுபடியும் சொல்றேன். இன்னிக்காவது எபிள் ஆத்தங்கரை ஆலைவீட்டு டீக்கடைக்கு, அது மூடுறதுக்குள்ள நாம போய்ச் சேரணும். சேரலேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமைலேருந்து நான் டாம்சின் சைக்கிள் கூட்டத்தோட போறேன். நீ வீட்டுல உக்காந்து கேரேஜ் கதவைத் திறந்து திறந்து மூடு.

— விளையாட்டுக்குத்தானே சொல்ற?

— என் மூஞ்சியப் பாரு. விளையாட்டா தெரியுதா?

— மூஞ்சி எங்க தெரியுது? ஒரே சுண்ணாம்பு. மாவு மூட்டைக்குள்ள விழுந்து எந்திரிச்சவ மாதிரி இருக்க.

— எல்லாம் உன் சக்கரம் தெறிச்சதுதான்! ராத்திரி பேஞ்ச மழையில இந்தச் சுண்ணாம்புப் பாதை பூரா வெண்ணெயா கிடக்கு. முன்னால போறவன் பின்னால வர்றவளுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டே போறான். கண்ணாடியைத் துடைச்சா இன்னும் மோசமாகுது. உன் தலை எது, கேட்டுக்கம்பம் எதுன்னே தெரியல. குரலை வெச்சுத்தான் உன்னோட பேசிட்டிருக்கேன்.

— கம்பம் கொஞ்சம் ஒல்லி.

— கிளம்பு.

— கிளம்பிடலாம். ஒரு நிமிஷம். குளம்புச் சத்தம் கேக்குது.

— லயனல்!

— குதிரை மேலேருந்து இறங்கி ஏறுறது எவ்வளவு கஷ்டம்! வாங்கம்மா, வாங்க. ஒண்ணா, ரெண்டா? எல்லாரும் வாங்க. குட்டி, நீயும் வாடா கண்ணு.

— குட்டி உன் சட்டைக் கையை மென்னுக்கிட்டிருக்கு.

— பரவாயில்லீங்க!

— போதும். கையை எடு, நானே சாத்துறேன்.

— பொறு, பொறு. சைக்கிள் மணி. யாரோ கூட்டமா... அடடே, டாம்சின்! வாங்க, வாங்க! பிலிப்பாவா? இங்கதான் இருக்கா. வெள்ளையா ஒண்ணு நிக்குதே, அதுதான்.

— ஹலோ, டாம்சின். ஆமா. ஆமா, ரெண்டும்தான். நீங்க போய்க்கிட்டே இருங்க, நாங்க வர்றோம்.

— என்ன சொன்னா?

— நமக்கு ஒரு துண்டு எலுமிச்சை கேக்கு எடுத்து வெக்கவான்னு கேட்டா. எடுத்து வெப்பாளாம்! கடைசித் துண்டை அவ பல்லு இடுக்குல பாக்கணும்னு எனக்குத் தலையெழுத்து.

— ஆனா ஒருத்தர் விடாம தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க, கவனிச்சியா?

— அந்தத் தேங்க்ஸை எல்லாம் டீயில முக்கிச் சாப்பிடு.

— அம்மிணி, அந்தச் சைக்கிளை ஒரு ஓரமா நகத்துறீங்களா?

— ஐயோ, மன்னிக்கணும் பெரியவரே! கேட்டு திறந்துதான் இருக்கு, நீங்க தாராளமா வரலாம்.

— கேட்டு எனக்கெதுக்குங்க? நான் பக்கத்தால வந்துட்டேனுங்க. நான் ஃபெல்தம். இந்த மேய்ச்சல் நெலமெல்லாம் நம்முளுதுதான்.

— பக்கத்தாலயா? வேலியைத் தாண்டியா வந்தீங்க?

— வேலி எங்கீங்க இருக்கு? எடுத்து மூணு வாரம் ஆச்சுங்களே.

— என்னது?

— இந்தப் பக்கமும் இல்லீங்க, அந்தப் பக்கமும் இல்லீங்க. கேட்டு மட்டும்தான் தனியா நிக்குது.

— அப்ப இவ்வளவு நேரமா வந்தவங்க எல்லாம்? அந்தக் குதிரைங்க?

— எல்லாம் பழக்கமுங்க. வரிசையா நிக்கிறாங்க, "நீங்க முன்னால போங்க, நீங்க முன்னால போங்க"ன்னு ஒருத்தருக்கொருத்தர் வழி விடுறாங்க, போறப்ப பத்திரமா தாழ்ப்பாள் போட்டுட்டுப் போறாங்க. தங்கமான சனங்க. ஆடுங்கதான் மரியாதை இல்லாம சுத்திக்கிட்டுப் போகுதுங்க.

— லயனல்! இவ்வளவு நேரமா ஒரு மொட்டைக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டா நின்னோம்?

— இந்தப் பனியில யாருக்குத் தெரியும், பிலிப்பா?

— மிஸ்டர் ஃபெல்தம், வேலியை எடுத்தவரு அப்படியே இந்தக் கேட்டையும் பிடுங்கிப் போட்டிருக்கக் கூடாதா?

— அதுக்குத்தானுங்க நேத்து கடப்பாரையோட வந்தேன். இந்த ஐயாதான் வேண்டாம்னுட்டாரு.

— எந்த ஐயா?

— மிஸ்டர் ஃபெல்தம், உங்க ஆடு ஒண்ணு அந்தப் பக்கமா வழி தவறி...

— ஆடெல்லாம் கீழ இருக்குதுங்க. இந்த ஐயாதான், அம்மிணி. நேத்து மத்தியானம் சைக்கிள்ல மேடேறி வந்து, இதோ இந்தப் புல்லுல மல்லாக்க விழுந்தாரு. செத்துட்டாருன்னே நெனச்சுப் பூட்ஸால ஒரு தட்டுத் தட்டினேன். "மன்னிக்கணும்"னாரு. அப்புறம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "ஞாயித்துக்கிழமை முடியுற வரைக்கும் இந்தக் கேட்டை எடுத்துடாதீங்க"ன்னு கெஞ்சினாரு. எனக்கும் மனசு எளகிப்போச்சுங்க.

— நேத்து முடி வெட்டப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போன? அதான் அதே முடியோட திரும்பி வந்தியா?

— சொன்னா சிரிப்ப.

— நான் இப்ப சிரிக்கிற மாதிரியா இருக்கேன்?

— என்னால முடியல, பிலிப்பா. நீ இந்த ஏத்தத்துல பாட்டுப் பாடிக்கிட்டே ஏறுற. எனக்கு நெஞ்சு தொண்டைக்கு வந்துடுது. கேட்டு ஒண்ணு தெரிஞ்சா உயிரைக் கொடுத்தாவது முன்னால வந்துடுவேன். கேட்டைப் பிடிச்சிட்டு நிக்கிறவனை யாரும் ஏன் நிக்கிறன்னு கேக்க மாட்டாங்க. தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நான் பாட்டுக்கு மூச்சு வாங்கிக்குவேன்.

— அப்ப அந்த ஆட்டுக்கடா?

— அது ஆட்டுக்கடான்னு எனக்கு முதல்லயே தெரியும்.

— மெதுவாப் போலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லயனல்?

— மெதுவாப் போனா டீக்கடை மூடிடும். மூடினா நீ டாம்சினோட போயிடுவ. அதான் நேத்து தனியா வந்து, நிக்காம ஏறிட முடியுதான்னு பாத்தேன். முடியல. வேலி இல்லாட்டிப் போகுது, கேட்டாவது இருக்கேன்னு நெனச்சேன்... பிலிப்பா? சைக்கிளை ஏன் எடுக்குற? திட்டவாவது செய்யேன்.

— ஐயா, அம்மிணி சைக்கிள்ல ஏறிட்டாங்க.

— பாத்தேன்.

— பனிக்குள்ள போயிட்டாங்களே.

— டாம்சின் கூட்டம் ரொம்ப தூரம் போயிருக்காது. இறக்கத்துலேயே பிடிச்சிடுவா, அவ காலு அப்படி. சரி, நான் இந்தக் கேட்டைச் சாத்திடுறேன்.

— சாத்தி என்னங்க ஆகப்போகுது? பனி விலகுது, அங்க பாருங்க. இறக்கம் முடியுற எடத்துல அம்மிணி இறங்கி நிக்கிறாங்க.

— பஞ்சரா?

— இல்லீங்க. அடுத்த கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, உங்களைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அதுக்கும் வேலி கிடையாதுங்க, காலையிலதான் எடுத்தேன்.