பி பட்டன்

இசக்கி: இல்ல சார், டிகிரி கிடையாது. டிப்ளமோவும் பாதியில...

மகேஷ்குமார்: சரி, விடு. இப்போ எங்க வேலை?

இசக்கி: சாலை பஜார்ல சார். பெரியப்பா கடை. ஆணி, கீல், தாப்பாள்...

மகேஷ்குமார்: கேட்டியா அனுஷா? நம்ம கேம் கம்பெனி இன்டர்வியூவுக்கு இரும்புக்கடையில இருந்து ஆள் வந்திருக்கு.

அனுஷா: அதுக்கென்ன மகேஷேட்டா? காலையில வந்த எம்.டெக். பையன் கறுப்பு ஸ்கிரீனைப் பாத்துட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னானே!

மகேஷ்குமார்: நீ சும்மா இரி. தம்பி, நாங்க செய்யுறது பழைய கையடக்க மெஷினுக்குப் புது கேம். மெஷினைச் செஞ்ச கம்பெனியே கைகழுவி இருபது வருஷமாச்சு. இங்க எல்லாம் அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல கமாண்ட் அடிச்சுத்தான் பில்ட் பண்ணணும். பழக்கம் உண்டா?

இசக்கி: உண்டு சார். மத்தியானம் கடையில ஆள் வராத நேரத்துல...

மகேஷ்குமார்: எந்த டூல்?

இசக்கி: டப்பா.

அனுஷா: அடடா!

மகேஷ்குமார்: அனுஷா...

அனுஷா: நான் ஒண்ணும் சொல்லல. புரோகிராம், படம், சத்தம் எல்லாத்தையும் ஒரே ஃபைலா அடைச்சுத் தருமே, அந்த டப்பாதானே? அது மகேஷேட்டன் எழுதின டூலாக்கும். அல்லே ஏட்டா?

இசக்கி: சார் எழுதினதா?

மகேஷ்குமார்: ம்... அது ஆச்சு கொஞ்ச காலம். பேர் போட்டுக்கல. எனக்கு அந்தப் பகட்டெல்லாம் பிடிக்காது.

இசக்கி: ...ரொம்ப சந்தோசம் சார்.

மகேஷ்குமார்: பயோடேட்டாவுல 'டப்பாவில் வேலை செய்திருக்கிறேன்'னு போட்டிருக்கே. என்ன வேலை? ஓட்டிப் பாத்தியா?

இசக்கி: உள்ளயும் கொஞ்சம்...

மகேஷ்குமார்: உள்ளயா! என்கிட்டயேவா? சரி, சொல்லு. டப்பாவுல பில்ட் பண்ணுற எந்த கேம்லயும் பி பட்டன் வேலையை செலக்ட் பட்டன்தான் செய்யும். ஏன்?

இசக்கி: ...நீங்களே சொல்லுங்க சார்.

மகேஷ்குமார்: பெருவிரல் சோர்வு! ஏ, பி ரெண்டு பட்டனையும் ஒரே விரல் அமுக்கினா நரம்புக்குக் கேடு. கொச்சியில ஒரு மாநாட்டுல இதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்கேன்.

அனுஷா: எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன். என்னையே பாத்துட்டு நின்னாரு, என்ன செய்ய?

மகேஷ்குமார்: அடுத்த கேள்வி. கம்ப்யூட்டர்ல ஓட்டினா கேம் ஒழுங்கா சேவ் ஆகுது. நிஜ மெஷின்ல சேவ் பண்ணினா ஸ்கிரீன் வெள்ளையாயிடுது. எங்க தப்பு?

இசக்கி: இது பரீட்சைக் கேள்வியா சார், இல்ல...

அனுஷா: வெள்ளிக்கிழமை ஆயிரம் கேம் கார்ட்ரிட்ஜ் கப்பல் ஏறணும். ஏறலன்னா கம்பெனிக்குப் பூட்டு.

மகேஷ்குமார்: நீ போய் சாயா குடி!

அனுஷா: குடிச்சாச்சு.

இசக்கி: சேவ் எழுதி முடியுமுன்னயே டப்பா அதைத் திரும்பப் படிக்குது சார். கம்ப்யூட்டர் பொறுத்துக்கிடும், மெஷின் பொறுக்காது. கொஞ்சம் காத்திருன்னு ஒரு வரி சேத்தா போதும்.

மகேஷ்குமார்: எந்த ஃபைல்ல? ...இல்ல, எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான்...

இசக்கி: லேப்டாப்பைக் குடுங்க சார். ...இந்தாங்க. இப்போ பில்ட் பண்ணிப் பாருங்க.

அனுஷா: இருங்க, மெஷின்ல போடுறேன்... சேவ்... தெய்வமே! ஆச்சு! மகேஷேட்டா, சேவ் ஆச்சு! மூணு மாசமா நம்ம...

மகேஷ்குமார்: மிண்டாதே, வாயை மூடு! ...தம்பி, கை நல்ல கைதான். ஆனா உன்னை எடுக்க முடியாது.

இசக்கி: ஏன் சார்?

மகேஷ்குமார்: என் டூலோட உள்விஷயம் எனக்குத் தெரியாம உனக்குத் தெரியுதுன்னா, என் கம்ப்யூட்டர்ல இருந்து நீ எதையோ திருடியிருக்கணும்.

இசக்கி: சார், எனக்கு இந்த வேலை வேணும். காய்ச்சல்னு கடையில பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். ஆணி நிறுத்து நிறுத்து எனக்கு வெறுத்துப் போச்சு. ஆனா திருடன்னு மட்டும் சொல்லாதீங்க.

மகேஷ்குமார்: திருடலன்னா எப்படித் தெரியும்?

இசக்கி: பி பட்டனுக்கு நரம்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது சார். தம்பானூர்ல பஸ் ஏறும்போது என் மெஷின் கீழ விழுந்துட்டு. பி பட்டன் போச்சு. அப்போதைக்கு செலக்ட்டுக்கு மாத்தி எழுதினேன். திரும்ப மாத்தாமலே டப்பாவை நெட்ல வெளியில விட்டுட்டேன்.

மகேஷ்குமார்: உன் மெஷினா? அப்போ அந்த... புரொஃபசர்...

அனுஷா: எந்த புரொஃபசர், மகேஷேட்டா?

மகேஷ்குமார்: ஒண்ணுமில்ல. தம்பி... சார்... நீங்க முதல்ல அந்த நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காருங்க...

இசக்கி: நான் சொல்லுதேன் அக்கா. டப்பாவுல ஒரு மெயில் ஐடி மட்டும் போட்டிருந்தேன். யாரோ புரொஃபசர்னு நெனச்சு அதுக்கு சார் மூணு மாசத்துல நாலு மெயில் போட்டாங்க. 'மதிப்பிற்குரிய புரொஃபசர் அவர்களே, உங்க டப்பாவுல சேவ் ஆகல, கம்பெனியைக் காப்பாத்துங்க'ன்னு. கீழ இந்த ஆபீஸ் அட்ரசும் இருந்துச்சு. அவ்வளவு நல்ல இங்கிலீஷுக்கு எனக்குப் பதில் எழுத வராதுல்லா... அதான் நேர்லயே வந்துட்டேன்.