நூல் கட்டி வைத்த மேட்டர்

பொன்விழாக் காணும் வார இதழின் ஆசிரியரும் இந்த அவையின் தலைவருமான ஐயா மகுடேஸ்வரன் அவர்களே! பந்தலை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் ஒற்றையாய் அமர்ந்திருக்கும் அம்மா முத்துப்பேச்சி அவர்களே! வணக்கம்.

'அந்தக் கால அச்சகம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். இருபது ஆண்டு இதே இதழுக்கு ஈய எழுத்துக் கோத்த கை இது.

எங்கள் அச்சகத்தை ஆண்டது ஒரே ஓர் ஆங்கிலச் சொல். மேட்டர்! நிருபர் எழுதிய தாள் மேட்டர். நாங்கள் கோத்த எழுத்தும் மேட்டர். இடம் போதாமல் மிஞ்சினால் ஓவர் மேட்டர். அச்சாகி முடிந்தால் டெட் மேட்டர். கல்யாணம் மேட்டர், கருமாதி மேட்டர், கலெக்டர் வருகை மேட்டர். மனிதன் கருகிச் செத்தால்? என்னங்க, அங்கே ஒருத்தர் "அதுவும் மேட்டர்தானுங்க"ன்னு சொல்றாரா? சரியாச் சொன்னீங்க சாமி! கை தட்டாதீங்க. வெட்கப்படுங்க.

தொண்ணூற்றொன்றில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்தது. தெற்கே இருந்து பிழைக்க வந்த காசிமாயன் செத்தார். முதலாளி என்ன சொன்னார்? "அவன் எங்க ஆளே இல்லீங்க. திருட வந்தவன்." உழைத்த உடம்பு வெந்து கிடக்கிறது, அதற்குத் திருடன் பட்டம்!

அவர் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தார். "எம்புருசன் களவாணி இல்லன்னு ஒத்த வரி போடுங்கய்யா. எம்புள்ளைய பள்ளிக்கூடத்துல கேலி பேசுறாங்க" என்றார். நிருபர் கிட்டுசாமி நாலு சாட்சிகளைப் பிடித்து எழுதினார். நான் கோத்தேன். பக்கத்தை இயந்திரத்தில் ஏற்றும் நேரம், அதே பட்டறையின் ஆயுத பூசை வாழ்த்து விளம்பரம் வந்தது. ஆசிரியர் சொன்னார்: "அந்த மேட்டரத் தூக்கீருங்க."

தூக்கியது யார்? இந்தக் கை! அவரை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் யோக்கியன் இல்லை.

மிஞ்சிய மேட்டரை நூலால் கட்டி ஓரமாய் வைப்பது எங்கள் வழக்கம். அடுத்த இதழில் ஏறும். ஏறியதா? அடுத்த வாரம் இடமில்லை. அதற்கடுத்த வாரமும் இடமில்லை. ஐம்பதாண்டு இதழில் ஆறு வரிக்கு இடமில்லை! ஈயத்தையெல்லாம் எடைக்குப் போட்ட அன்று அதை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

துண்டுச்சீட்டு வருகிறது. "மேட்டருக்கு வாங்க, நேரமாச்சு." வந்துவிட்டேன் தலைவரே! இதோ, அதே மேட்டர், அதே நூல். இன்று காலை மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தேன். உங்கள் பொன்விழா மலரையும் புரட்டினேன். அந்த முதலாளியின் வாழ்த்து முழுப்பக்கம். காசிமாயன் எங்கே?

மலர் சொல்லாததை இந்த மைக் சொல்லட்டும். வாசிக்கிறேன்: "பாய்லர் வெடித்து இறந்த காசிமாயன், அப்பட்டறையில் மூன்றாண்டாக வேலை பார்த்தவர். வேலையில் இருந்தபோதே உயிரிழந்தார். அவர் திருடர் அல்லர் என்று உடன் உழைத்த நால்வர் கையொப்பமிட்டுள்ளனர்."

முத்துப்பேச்சி அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் தாமதம். மன்னித்துவிடுங்கள். தலைவரே, தாளைப் பிடியுங்கள். அடுத்த இதழ், முதல் பக்கம். இடமில்லை என்றால் எனக்குப் பொன்னாடை போர்த்திய படத்தைத் தூக்கீருங்க!

கேட்ட உங்களுக்கு நன்றி. அதோ, அந்த அம்மா எழுந்து நிற்கிறார். நாமும் எழுந்து வணக்கம் சொல்வோம்.