நிமிர்ந்து பார்த்த ரவுண்டு

டாக்டர்: இன்னும் கொஞ்சம் அகலமா... ஆங், அப்படியே இருங்க.

கடிகாரக்காரர்: ஆ... அவ்வோ...

டாக்டர்: பேசாதீங்கய்யா. என் விரல் உள்ள இருக்கு. புதுப் பல்லு, கடிச்சீங்கன்னா தாங்காது... என் விரல்.

கடிகாரக்காரர்: ...

டாக்டர்: இப்போ மூடிக் கடிச்சுப் பாருங்க. வலிக்குதா?

கடிகாரக்காரர்: வலின்னு இல்லை டாக்டரம்மா. இடது பக்கம் ஒரு மாதிரி... லூசா...

டாக்டர்: மூணாவது தடவையா வரீங்க. போன வாரம் வலது பக்கம் லூசுன்னீங்க. பல் செட்டு அளவெடுத்த மாதிரி உக்காந்திருக்கு. இதை வச்சுக் கல்லையே கடிக்கலாம்.

கடிகாரக்காரர்: கிழட்டு வாயி. நாளுக்கு ஒரு பேச்சு பேசும்.

டாக்டர்: பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உங்களுக்குப் பல்லு போனப்புறம்தான் சொல்லே வருது போல.

கடிகாரக்காரர்: அம்பது வருஷம் கடிகாரத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வாயைத் தொறக்காம உக்காந்திருந்தவன்மா. மிச்சத்தைப் பேசித் தீக்க வேணாமா... அந்த அலமாரில இருக்கே, சிவப்பும் நீலமுமா. அதுவும் பல் செட்டா?

டாக்டர்: அது பல்லுக்கு உறை. குத்துச்சண்டை போடுறவங்க வாயில மாட்டிக்கிறது. நான்தான் செஞ்சு கொடுக்கிறேன்.

கடிகாரக்காரர்: ஓ... நீங்க சண்டையெல்லாம் பாப்பீங்களா?

டாக்டர்: பாப்பீங்களாவா... ஒண்ணு விட மாட்டேன். டிவியில போட்டா வீட்டுக்காரர் எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போயிருவாரு. நாள் பூரா பல்லைப் புடுங்குறது பத்தலையா உனக்குன்னு கேப்பாரு.

கடிகாரக்காரர்: எப்படிம்மா புடிச்சுது? பொம்பளப் பிள்ளைக்கு...

டாக்டர்: பொம்பளப் பிள்ளைக்கு என்னவாம்?

கடிகாரக்காரர்: தப்புதான். வாபஸ்.

டாக்டர்: அந்தப் பயம் இருக்கட்டும். ஒம்போது வயசுல ஒரு சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. போகும்போது பயந்தாங்கொள்ளி, வரும்போது ரசிகை. அவ்வளவுதான்.

கடிகாரக்காரர்: அவ்வளவுதானா?

டாக்டர்: எல்லாரும் அடி வாங்குறவனைப் பாப்பாங்க. நான் அடிக்கப் போறவன் முகத்தைப் பாப்பேன். அடிக்கலாமா வேணாமான்னு அதுல ஒரு நொடி ஏதோ ஓடும். அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுட்டா அப்புறம் விட முடியாது... நீங்க பாப்பீங்களா?

கடிகாரக்காரர்: நான் அங்க வேலையே பாத்தவன். எட்டு வருஷம்.

டாக்டர்: நீங்களா? குத்துச்சண்டையா?

கடிகாரக்காரர்: இந்த உடம்பைப் பாத்தா அப்படியா தெரியுது? மணி அடிக்கிறவன்மா.

டாக்டர்: மணி...

கடிகாரக்காரர்: ஸ்டேடியத்துல பெரிய கடிகாரம் நின்னு போச்சுன்னு ரிப்பேருக்குப் போனேன். மேனேஜர் பாத்தாரு. நேரம் தெரிஞ்ச ஆளா இருக்கியே, சனிக்கிழமை சனிக்கிழமை வந்து ஸ்டாப்வாட்ச் புடிக்கிறியான்னாரு. மூணு நிமிஷம் சண்டை, மணி. ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி மணி.

டாக்டர்: அப்போ எல்லாச் சண்டையும் கண்ணு முன்னாடியே பாத்திருப்பீங்க.

கடிகாரக்காரர்: ஒண்ணுகூடப் பாக்கலை.

டாக்டர்: சும்மா சொல்லாதீங்க.

கடிகாரக்காரர்: சத்தியமா. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். சில நாள் ரத்தம் தெறிச்சு வாட்ச் கண்ணாடியில விழும். தொடச்சுட்டு முள்ளைப் பாப்பேன். யார் ஜெயிச்சான்னு மறுநாள் பேப்பரைப் பாத்துத்தான் எனக்கே தெரியும்.

டாக்டர்: நல்ல ஆளுய்யா நீங்க. ஊருக்கே சமைச்சுட்டுப் பட்டினி கிடந்த மாதிரி.

கடிகாரக்காரர்: ஒரு நாள் நிமிந்துட்டேன்.

டாக்டர்: ஏன்?

கடிகாரக்காரர்: சத்தம் நின்னு போச்சு.

நர்ஸ்: மேடம், அடுத்த பேஷன்ட் வந்து ரொம்ப நேரமாச்சு...

டாக்டர்: அரை மணி நேரம் ஆகும்னு சொல்லும்மா.

நர்ஸ்: இவருக்கு முடிஞ்சுதே மேடம்?

டாக்டர்: முடியலை. கதவைச் சாத்திட்டுப் போ... நீங்க சொல்லுங்க. சத்தம் நின்னுச்சு.

கடிகாரக்காரர்: கடையில நூறு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் காதுல விழாது. எல்லாம் ஒண்ணா நின்னா மட்டும் சுருக்குனு தலை தூக்கும். அதே மாதிரிதான். அந்த ஹாலு எப்பவும் இரைஞ்சுக்கிட்டே இருக்கும். அன்னிக்குக் குண்டூசி விழுந்தாக் கேக்கும் போல ஆயிருச்சு. நிமிந்தேன்.

டாக்டர்: என்ன பாத்தீங்க?

கடிகாரக்காரர்: ஒருத்தன் கயித்துல சாஞ்சு நிக்கிறான். கை ரெண்டும் தொங்குது. கண்ணு தொறந்திருக்கு, உள்ள ஆள் இல்லை. நடுவர் பின்னாடி நிக்கிறாரு, அவருக்கு முகம் தெரியலை. எதிர்ல இன்னொருத்தன்... வலது கையைப் பின்னால இழுத்துட்டான்.

டாக்டர்: அப்புறம்?

கடிகாரக்காரர்: அடிச்சுட்டேன்.

டாக்டர்: மணியையா?

கடிகாரக்காரர்: வாட்சைப் பாக்கலை. கை தானா போய் அடிச்சுருச்சு. அப்புறம்தான் பாத்தேன். இன்னும் நேரம் இருந்துச்சு.

டாக்டர்: யாரும் கேக்கலையா?

கடிகாரக்காரர்: யாருக்குத் தெரியும்? மொத்த ஹாலுக்கும் ஒரே வாட்ச், அது என் கையில. முள்ளைத் திருப்பி வச்சுட்டு உக்காந்திருந்தேன்.

டாக்டர்: அடுத்த ரவுண்டு...

கடிகாரக்காரர்: அதுதான் கடைசி. என் வாழ்க்கையில முதல்முதலா முழுசாப் பாத்த ரவுண்டு அதுதான். அடி வாங்கினவன் தெளிஞ்சு வந்துட்டான். ஜெயிக்க வேண்டியவன் கையையே தூக்கலைம்மா. தோத்துட்டான். அதோட அவன் சண்டைக்கே வரலை. அந்த ஒரு மணிதான் அவனை உடைச்சுப் போட்டுருச்சு.

டாக்டர்: வேலையை விட்டுட்டீங்களா?

கடிகாரக்காரர்: மறுநாளே. நிமிந்து பாத்தவனுக்கு அந்த நாற்காலி ஆகாது. ஆனா சண்டை பாக்குறதை விட முடியலை. டிக்கெட் எடுத்துக் கடைசி வரிசையில உக்காந்துருவேன். ரசிகன்னு சொல்லிக்க வெக்கமாவும் இருக்கும். ஒருத்தன் பொழப்பைக் கெடுத்துட்டுத்தானே ரசிகனானேன்...

டாக்டர்: எத்தனை செகண்டு பாக்கி இருந்துச்சு?

கடிகாரக்காரர்: அது... ஒரு அஞ்சாறு...

டாக்டர்: பதினாலு. பதினாலு செகண்டுய்யா.

கடிகாரக்காரர்: உங்களுக்கு எப்படிம்மா...

டாக்டர்: பயமா இருந்தாக் கண்ணை மூடிக்கிட்டு எண்ணுன்னு அப்பா சொல்லி உக்கார வச்சிருந்தாரு. நூத்தியெம்பது எண்ணினா மணி அடிக்கும், அப்பா மூலைக்கு வந்து உன்னைப் பாப்பேன்னாரு. ராத்திரியும் பகலுமா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தோட எண்ணிப் பழகியிருந்தேன். ஒவ்வொரு ரவுண்டும் சரியா வந்துச்சு. அந்த ஒண்ணு மட்டும் நூத்தியறுபத்தாறுல அடிச்சுது. கையை இழுத்தவரு எங்கப்பா.

கடிகாரக்காரர்: தெரியும்மா.

டாக்டர்: ...தெரியுமா?

கடிகாரக்காரர்: போன வருஷம் பேப்பர்ல அவர் படம் வந்துச்சு, காலமாயிட்டாருன்னு. கீழ மகள், பல் மருத்துவர்னு போட்டிருந்துச்சு. உங்க வீட்டு வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை வந்து திரும்பிப் போனவன் நான். அவர்கிட்ட சொல்லத் துப்பில்லை. உங்ககிட்டயாவது சொல்லிரலாம்னு வந்தேன். இங்க வந்து உக்காந்தா லூசா இருக்குன்னுதான் வாயில வருது. பதினாலு சரிதான். அதுகூட வாயில வர மாட்டேங்குது பாருங்க... திட்டணும்னாத் திட்டிருங்கம்மா. அவர் வாயால வாங்க வேண்டியது. உங்ககிட்ட வாங்கிக்கறேன்.

டாக்டர்: அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாகிட்ட சொன்னேன். மணியைச் சீக்கிரம் அடிச்சுட்டாங்கப்பா, பதினாலு பாக்கி இருந்துச்சு, போய்க் கேளுங்கப்பான்னு. அவர் ரோட்டோரமாவே உக்காந்துட்டாரு. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, “யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. அந்தப் பதினாலு செகண்டு கிடைச்சிருந்தா அப்பா இன்னிக்கு ஒருத்தனைக் கொன்னுட்டுத்தான் வந்திருப்பேன்”னாரு.